சேதன உணவும் செட்டு வாழ்வும்

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை முதலில் வைத்து, அதனையடுத்து உணாவை வைத்தார். மரமும் புள்ளும் பறையும் யாழும் அதன் பின்னரே வருகின்றன. நிலத்துக்கு நிலம் உணவு வேறு என்பதை மாணவர் மனனஞ்செய்து பரீட்சை எழுதுகின்றனர். அது தம் வீட்டு அடுக்களைக்கும் உரிய செய்தியென எண்ணுவார் சிலரே.

அண்மைக் காலமாகச் ‘சேதன உணவு’ என்னும் தொடர் பெருவழக்காயிருக்கின்றது. இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இடாது விளைத்த பண்டம் என்பது அதன் பொருள். இப்பெயர் பொறித்த பைகளில் அரிசியும் கீரையும் சில கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. மாதச் சம்பளத்தை எண்ணியெண்ணிச் செலவிடும் ஆசிரியரும், நாட்கூலி பெறும் தொழிலாளியும் அப்பையைப் பார்த்து, நல்லுணவு செல்வர்க்கே உரியதென்று மனங்கொண்டு திரும்புதல் இயல்பு. அவ்வெண்ணம் பொருந்தாதென்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

சொல்லை முதலில் நோக்குவோம். வடமொழியில் அறிவுடைமையைக் குறிக்கும் ஒரு சொல்லும், வெட்டுதலைக் குறிக்கும் வேறொரு சொல்லும் தமிழெழுத்திற் புகும்போது வேற்றுமையிழந்து ‘சேதனம்’ என ஒன்றாகிவிட்டன. உயிர்ப்பொருட் சார்பு என்னுங் கருத்தில் இரசாயன நூலார் எடுத்தாண்டது முன்னதை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, நாடு முழுவதையும் ஒரே முறையாகச் சேதன வேளாண்மைக்குத் திருப்ப முயன்றபோது, விவசாயி கண்டது பின்னதை. நவம்பர் மாதத்தில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் காலபோகம் தொடங்கிவிட்டமையால் அடுத்த அறுவடை பெரிதும் குறைந்தது. மண்ணைப் பல ஆண்டு பழக்கிச் செய்யவேண்டியதை ஓர் ஆணையாற் செய்துவிடலாமென எண்ணியதன் பயன் அது.

அந்நியச் செலாவணியும் வற்றிய 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில், உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்ததாகக் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி காட்டிற்று. காலைப் பிரார்த்தனையில் நிற்கும் பிள்ளை மயங்கிச் சாய்வதை அந்நாட்களில் யாம் கண்டதுண்டு. அருகிருத்தி விசாரித்தால், “பாண் விலை ஏறிப்போச்சு ஐயா, காலமை வெறுந்தேத்தண்ணிதான்” என்னும். அப்பிள்ளையின் வீட்டு வேலியிலே முருங்கை நின்றது. காய் சந்தைக்குச் சென்றது. இலையை ஆடு தின்றது.

வகுப்பொன்றிலே, உண்ணத்தக்க இலைகளின் பெயர்களை எழுதுமாறு ஒருநாட் பணித்தோம். கோவாவும் லீக்சும் எல்லாத் தாளிலும் இருந்தன; அவை நுவரெலியாவிலிருந்து லொறியேறி வருவன. வல்லாரையும் பொன்னாங்காணியும் பாதித் தாள்களில் இருந்தன. முசுட்டை, காரை, சாரணை, மொசுமொசுக்கை என்பவற்றை எழுதினார் இருவர். குறிஞ்சாவைக் குறிஞ்சிப் பூவென்று கொண்டு மலைநிலத்துக்கு அனுப்பிவிட்டான் ஒருவன்! இலக்கண அறிவு அவனுக்கு இல்லையென்று சொல்லமுடியாது. பெயர் மறைந்தால் இலை மறையும். வேலியில் நின்றாலும் அது காட்டுச்செடியாகிவிடும்.

முருங்கையிலையிற் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் கண்ணுக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஏயைத் தரும் பொருளும் மிக உண்டு. இலையை அரிந்து தேங்காய்ப்பூச் சேர்த்து வறையாக்கும் நம் வீட்டுப் பெண்கள் விஞ்ஞானம் படித்து அதனைச் செய்தாரல்லர். ஆயினும் அவ்வுயிர்ச்சத்துக் கொழுப்போடு சேர்ந்தே உடம்பிற் சுவறும் என்பதை இன்றைய நூல்கள் கூறுகின்றன. இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுதலும் அத்தகையதே. இலையிலுள்ள இரும்பை உடம்பு ஏற்பதற்கு அப்புளி துணைசெய்யும். உணவோடு குடிக்கும் தேநீரோ அதனைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதற்குக் காசு வேண்டியதில்லை.

அரிசிக்கு வருவோம். 1890ஆம் ஆண்டுகளிலே சாவகத் தீவில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற கால்முடக்க நோயுற்றதையும், தீட்டாத அரிசியால் அவை தேறியதையுங் கண்டார். அவருக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்தில் ஒரு பகுதி அரிசியினுட் புகுந்துவிடுகின்றது. எனவே, வெள்ளை வெளேரென்ற பச்சையரிசியை விருந்துக்கு வைத்துக்கொண்டு, அன்றாடத்துக்குத் தவிடு முற்றும் போகாத புழுங்கலரிசியைக் கொள்வது அறிவுடைமை. குரக்கன் இன்று மலிவன்று என்பார் உளர், அது மெய்யே. எனினும் நூறு கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியிற் பத்தளவே. பிட்டுமாவில் ஒரு பங்கு குரக்கன் கலந்தாற் போதும். முள்ளோடு மென்று தின்னத்தக்க நெத்தலியும் அச்சத்தைத் தருவதே. பெரிய மீனின் துண்டுக்கு ஆசைப்பட்டு அதனை இகழ வேண்டா.

பனை எமக்கு வைத்த பண்டங்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். ஒன்று மட்டும் கூறுவோம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். அவியாது கிழித்துக் காயவைத்தது ஒடியல். புழுங்கலரிசியிலுள்ள ‘புழுங்க’லும் இதிலுள்ள ‘புழுக்’கும் ஓரடிப் பிறந்தவை. ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பைப் போக்கிய பின்னரே கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பர். அம்முறையை அறியாது, நாட்டுப் பண்டமென்ற ஒன்றையே நம்பி அள்ளியுண்பது தகாது.

அவ்வாறே சேதன உணவு என்ற சீட்டையும் அளவறிந்து நம்புதல் வேண்டும். அதிற் கிருமிநாசினியின் எச்சம் குறைவு என்பது ஒப்புக்கொள்ளத் தக்கது. சத்து மிகுதி என்பதற்கு வலிய சான்று கிடையாது. கழிவுவாய்க்காலோரத்துப் பொன்னாங்காணியும் பசளை இடாது வளர்ந்ததே. அதனை நன்கு கழுவாது உண்பவர் வயிற்றுநோய்க்கு ஆளாவர்.

ஆயின் யாழ்ப்பாணத்தில் எருவைப் பற்றிப் பேசுவதற்கு வேறொரு காரணம் உண்டு. எமது குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் கீழ்த் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். தோட்டத்துக்கு அளவின்றி இட்ட யூரியாவும், மலக்குழிகளிலிருந்து ஊறுவதும் அக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளிற் பல கிணறுகள் அதனைக் கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பாலை அந்நீரிற் கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. கடைக்குச் சென்று சேதன அரிசி வாங்குபவரும் இந்தக் கிணற்று நீரிலேயே அதனை அவிக்கின்றார்.

முன்னோர் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்து, தறையிலே ஆட்டுப்பட்டி அடைத்து, மண்ணைப் பேணினர். அவற்றையே கொண்டு இன்றைய சந்தைக்கு வேண்டிய அளவு விளைத்துவிடலாமென்று யாம் சொல்லோம். குழையும் சாணமும் கூடியமட்டும் இட்டு, பயிர் வேண்டுமளவே யூரியாவை மட்டாகக் கொடுத்தல் இயலும், செலவும் குறையும்.

முருங்கைத் தடி நடுவதற்கு மாரி தொடங்கும் காலம் ஏற்றது. கைப்பருமனான தடியைச் சாய்வாக வெட்டி நட்டால், அடுத்த கோடைக்குள் இலை ஒடிக்கலாம். சென்ற ஐப்பசியில் எம் மாணவர் கல்லூரி மதிலோரத்திலே பதினொரு தடி நட்டனர், ஒன்பது தளிர்த்தன. அவற்றினடியில் வைத்த வல்லாரைதான் நீர் போதாமையாற் பட்டுவிட்டது. இம்முறை அதனைக் கிணற்றடி வாய்க்காலோரம் வைப்பதாக இருக்கின்றனர்.