பூசணிப்பூ வைத்த வாசல்

கோலத்தின் நடுவே பாருங்கள்: சாணப் பிள்ளையார், அவர் தலையில் மஞ்சள் பூசணிப்பூ. பனி விலகுமுன் விரிந்து, வெயில் ஏற வாடிவிடும் இந்தப் பூ மார்கழி வாசலின் விளக்கு.

பாரதப் போர் மார்கழியில் நடந்ததென்றும், பாண்டவர் பக்கத்து வீரர்களின் வீடுகளுக்கு அடையாளமாக வாசலில் பூ வைத்தார்களென்றும் பாட்டிமார் கதை சொல்வார்கள்.

அன்றாடம் வைத்த பிள்ளையாரைப் பூவோடு சேர்த்து வறட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். நெல்லைப் பக்கம் தை மாதத்தில் சிறுமியர் வாசலில் சிறுவீடு கட்டிப் பொங்கலிடுவார்கள். பிறகு அந்த வறட்டிகளை எடுத்துப்போய், குலவையிட்டு, பாட்டுப் பாடி ஆற்றில் விடுவார்கள். ஒரு மாதத்து விடியல்கள் அத்தனையும் தாமிரபரணியில் மிதந்து போகும்.