அப்பா ஊதும் புகை, பிள்ளை உடம்பில் குறி

"நான் வாசல்ல நின்னுதானே பிடிக்கிறேன், டிரெசர்?" பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு வந்த தோழர் கேட்டார். ஐயா, வாசலில் நின்றாலும் புகை உள்ளேதான் வருகிறது. நம் மலைக்குளிருக்கு ஜன்னலைச் சாத்திய லயத்து வீட்டில் அது சீக்கிரம் வெளியேறாது.

தாய் மூச்சில் இழுக்கும் நிக்கோட்டின் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. மரபணு என்பது தாய் தகப்பன் கொடுத்த முதல். அதன்மேல் 'மெத்தில்' என்னும் சின்னக் குறிகள் உண்டு. இந்த நெரையைப் பறி, அதை விடு என்று கங்காணி சொல்வதுபோல, எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும் என்பதற்கு இந்தக் குறிகள் உதவுகின்றன. புகை இவற்றைக் கூட்டிக் குறைத்துவிடுகிறது.

2016-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் 6,685 பச்சைக் குழந்தைகளின் இரத்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் புகைத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு 6,000-க்கும் மேற்பட்ட இடங்களில் குறி மாறியிருந்தது. வளர்ந்த பிள்ளைகளிடமும் சில மாற்றங்கள் நிலைத்திருந்தன.

"நம்ம பொம்பளைங்க பிடிக்கிறதில்லையே" என்பீர்கள். சரிதான். 2019-இல் மலேசியாவில் புகைத்த ஆண்கள் நூற்றுக்கு 40 பேர், பெண்கள் ஒருவர்தான். ஆனால் புருஷன் விட்ட புகையை இழுக்கும் தாய்க்கும் எடை குறைந்த பிள்ளை பிறக்கலாம்.

குறி மாறினாலே நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். இன்று நிறுத்தினாலும் நன்மைதான். முடியவில்லையா? மனைவியைக் கர்ப்பச் சோதனைக்கு அரசு கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாளில், புகை நிறுத்த உதவி வேண்டுமென்று நீங்களும் கேளுங்கள். அதில் வெட்கமில்லை.