மாறிவரும் மழையும் சிறு உழவரும்

பருவமழை பொய்த்தால் முதலில் துன்புறுவோர் சிறு உழவரே. ஆயினும், அவர்கள் செய்வதறியாது வானத்தை நோக்கியிருப்பவர் என எண்ணுதல் பிழையாகும். மேற்கு ஆப்பிரிக்காவில், புர்க்கினா பாசோ நாட்டின் வடபாலுள்ள யாட்டெங்கா மாகாணத்தின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பாகிய சாகேல் பகுதியில் ஆண்டுக்கு மூன்று நான்கு திங்களே மழை பெய்யும். 1960களின் இறுதியில் அம்மழையும் குறைந்தது. அவ்வறட்சி 1980களின் நடுப்பகுதிவரை நீடித்தது. கடல்களின் மேற்பரப்பு வெப்பம் மாறியதே இதற்குத் தலையாய காரணம் என்பர் அறிவியலார். அங்கு வாழும் மோசி இன உழவரோ இம்மாற்றத்தை வேறு அடையாளங்களால் அறிந்தனர். முதல் மழை பிந்தியது, விதைத்தபின் மழை இடைவிட்டது, கிணற்று நீர் கீழிறங்கியது, மரங்கள் பட்டுப்போயின. மழைமானிக் கணக்குகளும் மழை குறைந்ததையே காட்டின.

மழைக் குறைவு மட்டுமே துன்பத்திற்குக் காரணமன்று. ஓடுபோல் இறுகிய தரையில், பெய்த சிறு மழையும் ஊறாமல் வழிந்தோடிற்று. வானத்தை மாற்ற இயலாது. மண்ணை மாற்ற இயலும். இதனை உணர்ந்தவருள் ஒருவர் கூர்கா என்னும் சிற்றூரின் யாக்குபா சவடோகோ.

'சாய்' எனப்படும் பழைய குழிமுறையை அவர் 1980ஆம் ஆண்டளவில் திருத்தியமைத்தார். மழைக்கு முன்பே, வறண்ட நிலத்தில் 20 முதல் 40 சென்டிமீட்டர் அகலமும், 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழிகள் தோண்டப்படும். முன்னையோர் குழிகளினும் இவை பெரியவை. இவற்றில் எரு இடப்படும். எருவை நாடிவரும் கறையான் மண்ணைத் துளைக்க, அத்துளைவழியே நீர் உள்ளிறங்கும். குழியில் விதைத்த சோளமும் கம்பும், மழை இடைவிடும் நாள்களைத் தாங்கி நிற்கும். பெருமழையின் வேகத்தைத் தணிக்கக் கல்வரப்புகளும் அமைக்கப்பட்டன. எருவில் கலந்திருந்த விதைகளிலிருந்து மரங்களும் முளைத்தன. நாளடைவில் அறுபதுக்கும் மேற்பட்ட மர, செடி வகைகள் கொண்ட காடு உருவாயிற்று.

இம்முறை எளிதன்று. ஒரு ஹெக்டேர் நிலத்தில் குழி தோண்ட ஏறத்தாழ 300 மணி நேரம் உழைக்கவேண்டும். கால்நடை இல்லாதவர்க்கு எரு கிடைப்பது அரிது. இவற்றினும் பெரிய தடை நிலவுரிமை. தொடக்கத்தில் ஊரார் சவடோகோவைப் பித்தர் என்றனர். அவர் பயிருக்குத் தீயும் வைத்தனர். பின்னர், 2018இல் 'மாற்று நோபெல்' எனப்படும் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆனால், அவர் வளர்த்த காட்டின் ஒரு பகுதியை அருகிலுள்ள நகரின் விரிவாக்கம் விழுங்கிற்று. 2023இல் அவர் மறைந்தார்.

நாளை நிலம் தனக்கு நிலைக்குமா என்று அஞ்சுபவர், பல்லாண்டுப் பயன்தரும் உழைப்பை அதில் இடத் துணியார். சிறு உழவர்க்கு அறிவுரை வேண்டப்படுவதினும், அவர்தம் அறிவு பயன்படுதற்குரிய நிலமும் எருவும் உறுதியாகக் கிடைத்தலே இன்றியமையாததாகும்.