மல்லிகைக்கு அடங்காத வாடை

ஆடி மாதத்தில் சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களுக்குத் தயாராகப் போகவேண்டும். ஒன்று, தபசுக் காட்சி காண வரும் ஜன சமுத்திரம். மற்றொன்று, காற்று. மேற்கு மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்று, கரிசல் காட்டுப் புழுதியையெல்லாம் வாரி நம் முகத்திலே இறைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும். காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யைப் போட்டுக்கொண்டால் தப்பித்தோம் என்றுதான் நாமும் எண்ணினோம்.

விசையைத் திருப்பியதும், காற்று வரும் துவாரங்களிலிருந்து ஒரு வாடை புறப்பட்டது. மழையில் நனைந்த கோணிச் சாக்கை மூன்று நாள் மூலையில் போட்டுவைத்தால் எப்படி நாறுமோ, அப்படி! குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே, ஈரத் துணி எதையாச்சும் வண்டியில மறந்து வச்சிட்டியா?" என்று பின் ஆசனத்திலிருந்து நம் தாயார் கேட்டார்கள்.

சங்கரன்கோவில், பூச்சந்தைக்குப் பெயர்போன ஊர் அல்லவா? கோமதியம்மனைத் தரிசித்து, புற்றுமண் பிரசாதமும் பெற்றுக்கொண்டு திரும்புகையில் ஐந்து முழம் மல்லிகை வாங்கி வண்டிக்குள் தொங்கவிட்டோம். பலன் என்ன? மல்லிகை மணமும் சாக்கு நாற்றமும் கலந்து மூன்றாவதாக ஒன்று பிறந்தது. அதற்கு இன்னும் தமிழில் பெயர் ஏற்படவில்லை.

கடைசியில் சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை நிறுத்தினோம். அங்கிருந்த வயதான மெக்கானிக், கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. நாடி பார்க்கும் வைத்தியரைப்போல் கேள்விகளை அடுக்கினார். "வாடை ஏ.சி. போட்டா மட்டும் வருதா அண்ணாச்சி, போடாட்டாலும் வருதா? கிளப்பின உடனேயா, கொஞ்சம் ஓடின பிறகா? புளிச்ச வாடையா, இனிச்ச வாடையா, கருகல் வாடையா?"

இந்தக் கேள்விகளிலேதான் சூட்சுமமெல்லாம் இருக்கிறது.

குளிர்சாதனம் காற்றைக் குளிரச் செய்வதோடு, அதிலுள்ள ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. 1902-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லிஸ் காரியர் என்பவர் இதற்கு வழி கண்டது மனிதர்களின் சுகத்துக்காக அல்ல. ப்ரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றினால் காகிதம் விரிந்து, வர்ணங்கள் இடம் மாறி விழுந்த தொல்லையைத் தீர்க்கத்தான். பிரித்தெடுத்த ஈரம் எங்கேயாவது போகவேண்டுமே! குளிர்ந்த நீர் வைத்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, டாஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் 'கூலிங் காயில்' வியர்க்கிறது. அந்த நீர் ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டிவிட வேண்டும். காயிலின் மேல் புழுதி படிந்து, ஈரமும் நின்றுபோனால், அங்கே பூஞ்சை குடியேறிவிடுகிறது. ஏ.சி. போட்டவுடன் வரும் ஈரச் சாக்கு வாடை அதனுடையதுதான்.

மெக்கானிக், முன் ஆசனத்துக்கு எதிரேயுள்ள சாமான் பெட்டியைக் கழற்றி, உள்ளிருந்த காற்று வடிகட்டியை உருவினார். வெள்ளையாக இருக்க வேண்டிய அது, கரிசல் மண்ணின் நிறத்தில் இருந்தது. வேப்பஞ்சருகும் பூச்சிச் சிறகும் தாராளமாக உதிர்ந்தன! புது வடிகட்டி போட்டார். நீர்க்குழாயின் அடைப்பை நீக்கினார். காயிலுக்கென்றே விற்கும் நுரை மருந்தைச் செலுத்தி, ஊறவைத்துக் கழுவினார். "ஃபினாயில், பிளீச்சிங் எதுவும் ஊத்திராதீக அண்ணாச்சி. காயிலும் அரிச்சிரும், நெஞ்சும் எரியும்" என்று எச்சரித்தார். சிறிது நேரத்தில் வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக நீர் விழத் தொடங்கியது.

இந்த வாடை திரும்பாமலிருக்க உபாயம் எளியது. ஊர் போய்ச் சேர ஐந்து நிமிஷம் இருக்கையில் குளிரை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும். வடிகட்டியை ஆண்டுக்கொரு முறையாவது மாற்றவேண்டும்; புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இன்னும் சீக்கிரமாக. கால் வைக்குமிடத்து விரிப்பு காரணமின்றி நனைந்திருந்தால், நீர்க்குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

எல்லா வாடையும் பூஞ்சை அல்ல. பிண நாற்றம் அடித்தால், எலி ஒன்று உள்ளே புகுந்து உயிரை விட்டிருக்கலாம். இனிப்பு வாடையோடு முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் 'கூலன்ட்' கசிகிறது என்று சந்தேகிக்கலாம், அது விஷம். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறந்துவிடக் கூடாது. கருகல் வாடை வந்தாலும் பெட்ரோல் வாடை வந்தாலும், வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் புகைவாடை. புகைக்குழாயில் ஓட்டை விழுந்தால், எஞ்சின் விடும் புகை காற்றோடு கலந்து உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூட வரும் புகையின் வாடைதான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. தலைவலி, மயக்கம், காரணமில்லாத தூக்கம் - இவை கண்டால் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு வெளிக் காற்றுக்கு வந்துவிட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் உறங்குவது ஒருபோதும் கூடாது.

இதைக் கேட்டபோது நமக்குச் சொரேரென்றது. நம் வண்டியில் வந்தது வெறும் சாக்கு வாடை, தப்பித்தோம். புகைவாடையாக இருந்து, அதையும் ஐந்து முழம் மல்லிகை மறைத்திருந்தால்? பின் ஆசனத்தில் குழந்தைகள் உறங்கிக்கொண்டல்லவா வந்தார்கள்! கடையில் விற்கும் வாசனைச் சீசாக்கள் நூறு வாங்கினாலும் ஒரு நோயும் தீராது. நோய் இருப்பது தெரியாமல் போகும், அவ்வளவுதான். வீட்டிலும் நாட்டிலும் பன்னீர் தெளித்து மூடிவைத்த அழுக்குகள் எத்தனை!

ஊர் திரும்பும் வழியில் அதே மல்லிகைச் சரம் ஆடிக்கொண்டிருந்தது. வாடிப்போயிருந்தாலும், அப்போதுதான் அது மல்லிகையாக மணந்தது.