'குழந்தைக்கு ஹார்ட்ல ஓட்டை'ன்னு சொன்னா... பதறணுமா, விட்டுடலாமா?

"பாப்பாவுக்கு ஹார்ட்ல சின்ன ஓட்டை இருக்காம்!"

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் இந்த வார்த்தை நுழைந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சில வீடுகளில் நேர்மாறாக நடக்கும். 'நல்லா ஓடியாடித்தானே விளையாடுது' என்று எக்கோ ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். இரண்டுமே வேண்டாம்!

எல்லோருக்கும் இருந்த கதவு

இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர் உண்டு. கருவில் இருக்கும்போது அந்தச் சுவரில் நம் எல்லோருக்குமே ஒரு திறப்பு இருந்தது. வயிற்றுக்குள் குழந்தைக்கு ஆக்சிஜனைத் தருவது நஞ்சுக்கொடிதான். நுரையீரலுக்கு அந்த வேலை இல்லை. அதனால், ரத்தம் குறுக்குவழியில் இடது பக்கம் போக உதவும் கதவு அது. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் கதவு சாத்திக்கொள்ளும். பிறகு மெல்ல ஒட்டிக்கொள்ளும்.

சுமார் நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டுவதில்லை. இதற்குப் பெயர் பி.எஃப்.ஓ. பெரும்பாலானவர்களுக்கு இதனால் எந்தத் தொந்தரவும் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை. காரணம் தெரியாமல் இளவயதில் பக்கவாதம் வந்தால், டாக்டர்கள் இதையும் கவனித்துப் பார்ப்பார்கள்.

ஏ.எஸ்.டி வேறு

இதில் சுவரின் ஒரு பகுதியே உருவாகியிருக்காது. சுத்தமான ரத்தம் இடமிருந்து வலமாகக் கசிந்து, மறுபடி நுரையீரலுக்கே போகும். வலது பக்க இதயத்துக்குக் கூடுதல் வேலை. ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடம் இது சுமார் இரண்டு மடங்கு அதிகம்.

சுவரின் நடுப்பகுதியில் 5 மி.மீ-க்கும் குறைவான ஓட்டை என்றால், பெரும்பாலும் சில வருடங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். 8 மி.மீ-க்கு மேல் என்றால் அது அபூர்வம். அதனால், 'ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்று டாக்டர் சொன்னால் அதையும் சிகிச்சையாகவே நினைத்து, அந்தத் தேதியில் போய்விட வேண்டும். எக்கோவில் ஊசி இல்லை, வலி இல்லை.

'இந்த ஏரியா காத்து அப்படி!'

பெரிய ஓட்டையும் சின்ன வயதில் சத்தமே காட்டாமல் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். சில குழந்தைகளுக்கு அடிக்கடி நெஞ்சுச் சளி, சீக்கிரம் களைப்பு, எடை ஏறாமை என்று தெரியும். வடசென்னையில் லாரிப் புழுதியும் ஆலைப் புகையும் பழகிப்போனதால், இருமலுக்கெல்லாம் காற்றையே காரணம் சொல்லிவிடுகிறோம். எல்லா இருமலும் இதய நோய் இல்லைதான். ஆனால், நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்தால், இதயத் துடிப்பையும் ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்ட பெரிய ஓட்டை, முப்பது, நாற்பது வயதில் மூச்சுத்திணறல், துடிப்புக் கோளாறு என்று தலைகாட்டும்.

மார்பைத் திறக்கணுமா?

1953-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், இதய - நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு டாக்டர் ஜான் கிப்பன் முதன்முதலில் வெற்றிகரமாக மூடியது இந்த ஓட்டையைத்தான். அன்று மார்பைத் திறக்க வேண்டியிருந்தது. இன்று பலருக்கும் தொடை ரத்தக்குழாய் வழியாகக் குடை போன்ற சிறு கருவியை அனுப்பியே அடைத்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஓட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு மட்டும் ஆபரேஷன்.

எங்கே போவது?

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே மருத்துவக் குழு, பிறவி இதயக் குறைகளையும் பார்க்கிறது. அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. சிகிச்சை என்று முடிவானால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றி அங்கேயே கேளுங்கள். சந்தேகங்களுக்கு 104.

முக்கியமாக, பழைய எக்கோ ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். போன தடவை எத்தனை மில்லிமீட்டர், இந்தத் தடவை எத்தனை... டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்!