ஒற்றை உறுப்பினர், ஒரு முழு கல்வித்துறை

சட்டமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர் இருக்கும் கட்சியால் என்ன செய்துவிட முடியும்? பெரும்பாலும் ஒண்ணும் முடியாது. வேல்ஸில் 2016-ல் நடந்தது மட்டும் வேற கதை.

கிர்ஸ்டி வில்லியம்ஸ், லிபரல் டெமாக்ரட் கட்சிக்காரர். 1999-ல் வேல்ஸ் சட்டமன்றம் முதன்முதலாக அமைந்தபோதே, பிரெகன் - ராட்னர்ஷயர் என்கிற கிராமப்புறத் தொகுதியிலிருந்து உள்ளே வந்தார். 2008-ல் கட்சியின் வேல்ஸ் தலைவர். அங்குள்ள முக்கியக் கட்சிகளில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் இவர்தான்.

எதிர்க்கட்சியில் இருந்தபடியே இவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 2016 மார்ச்சில் சட்டமானது. மருத்துவமனை வார்டுகளில் நோயாளிகளைக் கவனிக்கப் போதுமான நர்ஸ்கள் இருக்க வேண்டும் என்கிற சட்டம். அமைச்சராக இல்லாமலே ஒரு சட்டத்தை நிறைவேற்றியவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டே மாதத்தில் தேர்தல். கட்சியின் 5 இடங்கள் 1 ஆகச் சுருங்கின. மிஞ்சியவர் இவர் மட்டும்தான். தலைவர் பதவியை விட்டு விலகினார்.

இப்போ கணக்கைப் பாருங்க. மொத்தம் 60 இடம். லேபர் 29, ப்ளைட் கம்ரி 12, கன்சர்வேட்டிவ் 11, யூகிப் 7, இவர் 1. சபாநாயகரும் துணை சபாநாயகரும் ஓட்டுப் போடுவதில்லை. மே 11 அன்று முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்க நடந்த வாக்கெடுப்பில் ப்ளைட் கம்ரியின் லீன் வுட்டுக்கு 29, லேபரின் கார்வின் ஜோன்ஸுக்கு 29. ஜோன்ஸுக்கு விழுந்த அந்த 29-ல் ஒன்று கிர்ஸ்டியுடையது. அது இல்லையென்றால் அன்றைக்கே ஆட்சி கைமாறியிருக்கும்.

அடுத்த வாரம் ப்ளைட் கம்ரியோடு பேசி முடித்து ஜோன்ஸ் முதலமைச்சரானார், கிர்ஸ்டி கல்வி அமைச்சரானார். சும்மா கிடைத்த நாற்காலி என்று விட்டுவிட முடியாது. 2018 முதல் கல்லூரி மாணவர்களுக்கு வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை வந்தது. குடும்ப வருமானம் எவ்வளவு இருந்தாலும் குறைந்தது 1,000 பவுண்டு மானியம். பகுதிநேர மாணவர்களுக்கும் உதவி உண்டு. பள்ளிப் பாடத்திட்டத்தையே மாற்றி எழுதும் சட்டம் 2021-ல் நிறைவேறியது.

சறுக்கலும் உண்டு. 2020-ல் கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் கணித்த ஏ லெவல் கிரேடுகளில் சுமார் 42 சதவீதத்தை ஒரு கணக்கீட்டு முறை கீழே இறக்கிவிட்டது. மொத்தக் கூட்டுத்தொகை சரியாக வருவதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நியாயம் கிடைப்பதும் ஒன்றல்ல. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். எதிர்ப்பு வலுத்ததும் ஆகஸ்ட் 17-ல் ஆசிரியர் மதிப்பீட்டுக்கே திரும்பினார்.

2021 தேர்தலில் இவர் போட்டியிடவில்லை. தொகுதி கன்சர்வேட்டிவ் கைக்குப் போனது. பட்டியல் முறையில் வந்த ஒருவரோடு கட்சி மறுபடி ஒற்றை இடத்தில் நின்றது. ஐந்து வருட அமைச்சர் பதவி கட்சியை வளர்க்கவில்லை. ஆனால் நர்ஸ் சட்டமும் உதவித்தொகையும் பாடத்திட்டமும் அவர் போன பிறகும் நிற்கின்றன. ஓட்டுக் கணக்கு அவருக்குக் கதவைத்தான் திறந்துவிட்டது. உள்ளே போய் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து வைத்திருந்ததுதான் அவருடைய பலம்.