தேரிக்காட்டு ஊர்களில் கிறிஸ்துமஸ்

திருச்செந்தூருக்கு மேற்கேயும் தெற்கேயும் நாசரேத், சாத்தான்குளம், திசையன்விளை ஆகிய ஊர்களை அணைத்துக்கொண்டு பரந்து கிடக்கும் செம்மணல் தேரியைக் கோடைகாலத்தில் மாத்திரம் கண்டவர்கள், காற்று வாரி இறைக்கும் மணலையும் அதில் வரிசை வரிசையாக நிற்கும் பனைகளையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லையென்றே சொல்லுவார்கள். மார்கழியில் ஒருமுறை போய்வந்தால் அந்த அபிப்பிராயம் மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்து குளங்களில் தண்ணீர் நிற்கும். செம்மண்மேல் பசும்புல் தலைகாட்டியிருக்கும். வெயிலின் உக்கிரம் தணிந்திருக்கும். பனையேறிகளுக்கு அது ஓய்வுக் காலம். பாளை விட்டுப் பதநீர் இறங்க மாசியோ பங்குனியோ ஆகவேண்டும். அந்த ஓய்வின் நடுவிலேதான் இவ்வூர்களின் பெரிய பண்டிகையாகிய கிறிஸ்துமஸ் வந்து சேருகிறது.

பண்டிகைக்கு முந்திய வாரத்தில் சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில்களிலும் பஸ்களிலும் இடம் கிடைப்பது அரிது. சென்னையிலும் மும்பையிலும் மளிகைக்கடை வைத்திருப்பவர்கள், தமிழ்நாட்டின் நாலா திசையிலும் பள்ளிக்கூட வாத்தியார்களாக இருப்பவர்கள், வளைகுடா நாடுகளில் உத்தியோகம் பார்ப்பவர்கள் எல்லாரும் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்புகிறார்கள். வருஷத்தின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் திறக்கப்படுகின்றன. ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து, மூங்கில் சிராயில் வர்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரத்தை வாசலிலே தூக்கிக் கட்டி, உள்ளே விளக்குப் போட்டதும் அந்தத் தெருவுக்கே உயிர் வந்துவிடுகிறது.

இந்த ஊர்கள் உண்டான சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, இவ்வாறு ஜனங்கள் வந்து கூடுவதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்ற மராட்டிய பிராமண விதவை 1778-ல் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, 1785-ல் தம் முயற்சியால் ஓர் ஆலயமும் கட்டுவித்தார். 1780-ல் எழுதப்பட்ட அச்சபையின் முதல் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பதே பேர். அதற்குப் பின்னர் தேரிக்காட்டில் மதம் மாறிய எளிய குடும்பங்கள் சொந்த ஊரில் நிம்மதியாகக் குடியிருக்க முடியாதபடி துன்புறுத்தப்பட்டன. சாத்தான்குளம் பக்கத்துச் சின்னமுத்து என்பவர் தஞ்சாவூர் போய் ஞானஸ்நானம் பெற்று, தாவீது சுந்தரானந்தம் என்ற பெயரோடு திரும்பியவர். விரட்டப்பட்ட அந்தக் குடும்பங்களைச் சேர்த்து வைத்து 1799-ல் அவர் உண்டாக்கிய குடியிருப்பே முதலூர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்து, கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அதே வருஷம். பாளையக்காரர் யுத்தத்தில் சீமை முழுதும் கொந்தளித்திருந்தபோது, கைக்குழந்தையும் பானை சட்டியுமாக மணற்காட்டில் குடிசை போட்டவர்களுக்கு எத்தனை மனத்திடம் இருந்திருக்க வேண்டும்! படையெடுப்புகளை விவரிக்கும் நூல்கள் பல உண்டு. இந்தக் குடிசைகளைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே என்பது எனக்குத் தீராத மனக்குறை.

முதலூரை அடுத்து ஊர்கள் பெருகின. சாயர் என்ற வியாபாரி வாங்கிக்கொடுத்த நிலத்தில் சாயர்புரம் எழுந்தது. பிரஷ்ய நாட்டுப் பிரபுவான டோனா என்பவரின் நன்கொடையால் 1827-ல் டோனாவூர் உண்டாயிற்று. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர், திக்கற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவதற்கென்றே 1830-ல் தர்ம சங்கம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். இன்று பாளையங்கோட்டைவாசிகள் ஊசிக்கோபுரம் என்று பிரியமாக அழைக்கும் ஆலயத்தை 1826-ல் கட்டியவரும் அவரே. மெஞ்ஞானபுரத்தில் வேல்ஸ் தேசத்து ஜான் தாமஸ் ஐயர் எழுப்பிய ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். பனைக்கு மேல் உயரமான பொருள் ஒன்றும் இல்லாத அந்த வெளியிலே அது வெகு தூரத்துக்குத் தெரியும்.

இடையன்குடிக்கு 1841-ல் வந்து சேர்ந்த கால்டுவெல் ஐயரைத் தமிழுலகம் 1856-ல் வெளிவந்த ஒப்பிலக்கணத்துக்காகவே போற்றுகிறது. அது நியாயந்தான். ஆனால் 1847-ல் தொடங்கி 1880-ல் முடிந்த, முப்பத்துமூன்று வருஷங்கள் கட்டப்பட்ட அவ்வூர் ஆலயத்தினுள் நிற்கிறவனுக்கு, அந்த இலக்கணத்தை எழுதியவரின் பொறுமை எத்தன்மையது என்பது கண்ணெதிரே புலப்படும். அவருடைய மனைவி எலைசா அம்மையார் நாகர்கோவிலில் வளர்ந்தவர். தம் தாயார் அங்கே பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னும் வேலையை இடையன்குடியிலும் பரப்பினார். கணவரின் நூலுக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த அம்மையாரின் கைத்தொழிலுக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் தம் கையாலே நாலு காசு சம்பாதித்துத் தலைநிமிர வழிசெய்த அந்தத் தொழில், என் கருத்தில், எந்தப் பெரிய புத்தகத்துக்கும் குறைந்ததல்ல.

பண்டிகையின் உள்ளத்தை அறிய வேண்டுமானால் விடியற்கால பஜனையைக் கேட்க வேண்டும். கோழி கூவுமுன்னே ஆலய மணி அடித்ததும், தலையில் துண்டு கட்டிய பெரியவர்களும் கம்பளி போர்த்த பிள்ளைகளும் ஆர்மோனியம், கஞ்சிரா, ஜால்ரா சகிதமாகத் தெருத்தெருவாய்ப் பாடிக்கொண்டு போகிறார்கள். முன்னே பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து ஒருவர் நடந்த இடத்தில் இப்போது மின்சார விளக்கு வந்திருக்கிறது, பாட்டுகள் மாறவில்லை. அவற்றுள் பல, திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து, ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்குப் போய், சரபோஜி மன்னரின் காலத்தில் அங்கே புகழ்பெற்று விளங்கிய வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். கர்நாடக ராகங்களில் அமைந்த அந்தப் பாடல்களை, சங்கீதம் முறையாகக் கற்காத பனையேறியின் பேரன் சுருதி பிசகாமல் பாடக் கேட்பது பெரும் பாக்கியம். இதே விடியற்காலங்களில் பக்கத்துப் பெருமாள் கோயில்களிலிருந்து திருப்பாவை கேட்கும். நாசரேத்துக்கு அருகிலுள்ள ஆழ்வார்திருநகரியிலே, நம்மாழ்வார் அவதரித்த அந்தத் தலத்திலே, பகல்பத்து இராப்பத்து உற்சவமும் அரையர் சேவையும் மார்கழியில்தான் நடக்கின்றன. கிழக்கே கடற்கரையிலோ பிரான்சிஸ் சவேரியார் 1542 முதல் உழைத்த பரதவர் ஊர்களில் மாதா கோயில்தோறும் குடில் அமைக்கிறார்கள். அது தனியே விரித்து எழுதவேண்டிய சரித்திரம்.

வீட்டுக்குள்ளே அடுப்பங்கரைதான் பண்டிகையின் மூலஸ்தானம். வறுத்த சிறுபயற்றையும் வெல்லத்தையும் உருட்டி மாவில் தோய்த்துப் பொரிக்கும் முந்திரிக்கொத்து, நெய் சேர்க்காமல் தேங்காய்ப் பாலிலேயே கிண்டி எடுக்கும் முதலூர் மஸ்கோத்து அல்வா, தூத்துக்குடியிலிருந்து வாங்கி வரும் மக்ரூன் எல்லாம் தட்டிலே வந்தாலும், பிள்ளைகள் சூழ்ந்து உட்காருவது அச்சு முறுக்கு சுடும் இடத்தில்தான். பூப்போன்ற இரும்பு அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் காயவைத்து, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்த கரைசலில் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தோய்த்து, மறுபடி எண்ணெயில் முக்கி மெல்ல ஆட்டவேண்டும். விளிம்புக்குமேல் மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழன்று வராது. அச்சு காயாவிட்டால் மாவே ஒட்டாது. சென்ற பண்டிகையில் முதலூர்ப் பக்கத்து வீடொன்றில், பட்டணத்திலிருந்து வந்த பேத்தியின் கையில் அச்சைக் கொடுத்துவிட்டு, "ஏட்டி, அவசரப்படாத, அச்சு நல்லாக் காயட்டும்" என்று ஆச்சி சொன்னதையும், நாலைந்து முறுக்கு உடைந்தபின் ஒன்று முழுசாகக் கழன்று எண்ணெயிலே மிதந்தபோது அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததையும் கண்டேன். பாத்திரமும் பக்குவமும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவது இவ்விதமாகத்தான்.

2023-ம் வருஷத்துப் பண்டிகை இந்தப் பிரதேசத்துக்குக் கண்ணீரோடு வந்தது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் என்று பதிவாயிற்று. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. அதில் சிக்கிய நூற்றுக்கணக்கான பிரயாணிகளுக்கு அருகிலுள்ள புதுக்குடிக் கிராமத்து ஜனங்கள், தங்களுக்கே நெருக்கடியான அவ்வேளையில், சமைத்துப் போட்டார்கள். ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். தண்ணீர் புகுந்த வீடுகளில் நெல்லும் துணியும் நாசமானதோடு, தகரப் பெட்டிகளில் இருந்த பழைய கடிதங்களும் கலியாணப் புகைப்படங்களும் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பாட்டன் கையால் எழுதிவைத்த பிறந்த தேதிகளும் ஊறிக் கரைந்துபோயின. நெல்லை மறு போகத்தில் விளைவித்துக்கொள்ளலாம். அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவது?

டிசம்பர் 31 இரவு ஆலயத்தில் பழைய வருஷத்தை வழியனுப்பி, புது வருஷத்துக்கு வாக்குத்தத்த வசனச் சீட்டை வாங்கிக்கொண்ட மறுவாரமே எல்லாரும் பிரயாணப்பட்டுவிடுகிறார்கள். கிழவர்களும் வாலிபர்களும் ஒரே திண்ணையில் உட்காரக்கூடிய நாட்கள் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் கிடைப்பதில்லை. ஆகையால் இந்த விடுமுறைக்கு ஊர் போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். பஜனையில் பாடும் பாட்டை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், உங்கள் வீட்டார் எந்த ஊரிலிருந்து எந்தக் கஷ்டத்தில் இங்கே வந்தார்கள், லேஸ் பின்னிய அத்தையின் ஊசியும் உருளையும் யாரிடம் இருக்கின்றன என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்திலே எழுதுங்கள். கல்லறைத் தோட்டத்தில் எழுத்து மங்கிவரும் கற்களைப் பார்த்துப் பெயரையும் வருஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியதை இரண்டு பிரதியாக்கி, ஒன்றை ஊரிலும் மற்றொன்றை வெளியூரில் மேடான இடத்திலும் வையுங்கள்.